98 விழுக்காட்டுக்குப் பின்னால்

ஒரு மென்பொருளின் எந்தப் பகுதியில் பிழை இருக்கும் என்று சோதனைக்கு அனுப்பும் முன்பே கணித்துச் சொல்ல முடியுமா? மென்பொருள் பொறியியல் துறைக்குள் இருந்துகொண்டு செயற்கை நுண்ணறிவைக் கையாளும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சோறு போட்டுவரும் கேள்வி இது. இதை வைத்து எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் புரட்டினால் கடைசி இயலில் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான் இருக்கும்: முன்மொழிந்த முறையின் துல்லியம் 98 விழுக்காடு, முந்தைய முறையைவிட 2 விழுக்காடு கூடுதல். அந்த எண்ணை எட்டுவதற்கு எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. அந்த எண் எதைச் சொல்கிறது என்று ஆராய்வதற்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது. இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்: பல்கலைக்கழகத்தில் இருப்பவரின் முதல் வேலை, வெளிவந்த எண்களைத் தரவின் அடிவரை இறங்கிச் சரிபார்ப்பது. புதிய கணிப்புமுறைகளைக் கட்டுவது அதற்குப் பிறகு. எங்கள் துறையில் பதவி உயர்வும் பெயரும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

துல்லியம் என்ற சொல்லே எப்படி ஏமாற்றும் என்பதற்கு நாசா தரவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு போதும். நாசா திட்டங்களின் நிரல்களிலிருந்து திரட்டிய சில தரவுத் தொகுப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் நிரலின் ஒரு சிறு பகுதி. அதன் நீளம், 1976-இல் மெக்கேப் வகுத்த சிக்கல் அளவு, 1977-இல் ஹால்ஸ்டெட் வகுத்த அளவுகள், கடைசியில் 'பிழை உண்டு' அல்லது 'இல்லை' என்ற குறி. இவற்றில் 'பிசி2' என்ற தொகுப்பில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகள் உள்ளன. பிழையுள்ளவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எதையுமே கற்றுக்கொள்ளாமல், எந்தப் பகுதியைக் காட்டினாலும் 'பிழை இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒற்றை வரி நிரலுக்கு இங்கே 99 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் கிடைத்துவிடும். ஒரு பிழையைக்கூட அது பிடித்திருக்காது. இதே தொகுப்பில் 98 விழுக்காடு வாங்கியதாக ஒருவர் பெருமைப்பட்டால், ஒன்றுமே செய்யாத நிரலைவிட அவர் பின்தங்கியிருக்கிறார் என்றுதான் பொருள். இது புள்ளியியலின் முதல் பாடம்; எல்லாரும் அறிந்ததுதான். அறிந்தும், துல்லியத்தை மட்டும் அட்டவணையில் தரும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தத் தரவுகளின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. 2005-இல் டிம் மென்சீஸும் ஜெல்பர் சய்யாத் ஷிராபாத்தும் 'பிராமிஸ்' என்ற பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அதுவரை மென்பொருள் தரவு பெரும்பாலும் நிறுவனங்களின் பெட்டகத்துக்குள் கிடந்தது; ஒருவர் சொன்ன முடிவை இன்னொருவர் சோதிக்க வழி குறைவு. களஞ்சியம் வந்ததும் நிலைமை மாறியது. 2007-இல் மென்சீஸ் குழு, நாசா தரவில் எளிய பேயீசிய முறையே நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. உலகெங்கும் ஆய்வு மாணவர்கள் அதே தொகுப்புகளை இறக்கிக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2013-இல், மார்ட்டின் ஷெப்பர்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் தொகுப்புகளையே உற்றுப் பார்த்தார்கள். அச்சு அசலாகத் திரும்ப வரும் வரிசைகள், ஒரே அளவுகள் இருந்தும் ஒன்றில் 'பிழை உண்டு' என்றும் இன்னொன்றில் 'இல்லை' என்றும் குறித்த வரிசைகள், இருக்கவே முடியாத மதிப்புகள் என்று பலவற்றைப் பட்டியலிட்டார்கள். ஒரே வரிசை பயிற்சிக்கான பங்கிலும் சோதனைக்கான பங்கிலும் விழுந்தால், அது கேள்வித்தாள் கசிந்த தேர்வுதான். வரும் மதிப்பெண் மாணவனின் அறிவைக் காட்டாது. அந்த ஆறு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில் எவற்றின் முடிவு நிற்கும், எவற்றினது விழும் என்று எனக்குத் தெரிந்தவரை யாரும் முழுமையாகத் திரும்பக் கணக்குப் போடவில்லை.

வரிசைகள் சரியாக இருந்தாலும் ஒவ்வொன்றின் கடைசியிலும் உள்ள 'பிழை உண்டு', 'இல்லை' என்ற குறி சரியா என்பது அடுத்த கேள்வி. திறந்த மூல மென்பொருள்களில் அந்தக் குறி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது: பயனர்கள் பதிவு செய்த புகார்களில் 'பக்' என்று வகைப்படுத்தியவற்றை எடுத்து, அவற்றைத் தீர்த்த நிரல் மாற்றங்களோடு இணைத்து, மாற்றப்பட்ட கோப்புகளைப் பிழையுள்ளவை என்று கொள்வது. வேகமான வழி, தானியங்கியாகச் செய்யலாம். கிம் ஹெர்சிக், சாஷா யுஸ்ட், ஆந்திரேயாஸ் செல்லர் மூவரும் ஐந்து திட்டங்களின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைக் கையால் ஒவ்வொன்றாகப் படித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். 'பக்' என்று குறித்திருந்தவற்றில் 33.8 விழுக்காடு பிழையே இல்லை. புது வசதி வேண்டுகோள், ஆவணத் திருத்தம், நிரலை ஒழுங்குபடுத்தும் வேலை எல்லாம் அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தன. பிழையுள்ளதாகக் கருதப்பட்ட கோப்புகளில் சராசரியாக 39 விழுக்காட்டில் ஒருபோதும் பிழை இருந்ததில்லை. மூன்றில் ஒன்று தவறான விடைத்தாளை வைத்துக்கொண்டு, இரண்டு முறைகளுக்கு இடையே 2 விழுக்காடு வித்தியாசத்துக்காக நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம். இந்த ஒரு கட்டுரையில் புதிய வழிமுறை எதுவும் இல்லை, கணிதச் சூத்திரம் எதுவும் இல்லை. படித்தல் மட்டுமே இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் என் துறைக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கட்டுரைகளில் ஒன்றாக இதைத்தான் சொல்வேன்.

2014-இல் ஷெப்பர்ட், டேவிட் போவ்ஸ், டிரேசி ஹால் செய்த கணக்கு இன்னும் சங்கடமானது. பிழைக் கணிப்பில் வந்த 42 ஆய்வுகளிலிருந்து 600 முடிவுகளைத் திரட்டி, முடிவுகள் ஏன் மாறுபடுகின்றன என்று பகுத்தார்கள். எந்தக் கற்றல் வழிமுறையைப் பயன்படுத்தினார்கள் என்பது மாறுபாட்டில் 1.3 விழுக்காட்டை மட்டுமே விளக்கியது. எந்த ஆய்வுக்குழு செய்தது என்பது 31 விழுக்காட்டை விளக்கியது. அதாவது, யார் கை என்பது என்ன கருவி என்பதைவிடப் பல மடங்கு முக்கியம். இதற்கு மறுப்பும் வந்தது: ஒவ்வொரு குழுவும் தனக்குப் பழகிய தரவையும் அளவுகளையுமே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது, ஆகவே குழுவின் தாக்கமாகத் தெரிவது உண்மையில் தரவின் தாக்கமாக இருக்கலாம் என்று 2016-இல் இன்னொரு குழு வாதிட்டது. அந்த மறுப்பு நியாயமானது, நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மறுப்பின் மையமும் கற்றல் வழிமுறை அன்று. தாக்கம் குழுவுடையதா தரவுடையதா என்பதில்தான் வழக்கு. நம் ஊர் ஆய்வேடுகளிலோ உழைப்பு முழுவதும் அந்தச் சின்னப் பங்கில்தான் குவிகிறது. சாம்பல் ஓநாய், திமிங்கிலம், வௌவால், மின்மினி என்று ஒரு விலங்குக் காட்சிசாலையே தேடல் வழிமுறைகளின் பெயரில் உலவுகிறது. இரண்டு விலங்குகளைக் கலந்து ஒரு நரம்பு வலைப்பின்னலோடு கோத்தால் தலைப்பு தயார். ஓநாய் வேட்டையாடும் விதத்துக்கும் செயற்கைக்கோள் நிரலில் இருக்கும் பிழைக்கும் என்ன தொடர்பு என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அதை அநாகரிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இது பிழைக் கணிப்புக்கு மட்டும் உள்ள நோய் என்று யாராவது சொல்லலாம். தானியங்கிப் பழுதுநீக்கத்தின் கதை அதற்குப் பதில். 2009-இல் வெஸ்ட்லி வைமர், தான்வூ நுயென், கிளேர் லெ குவெஸ், ஸ்டெஃபனி ஃபாரெஸ்ட் ஆகியோர் 'ஜென்புரோக்' என்ற அமைப்பை அறிமுகப்படுத்தினார்கள். பிழையுள்ள நிரலை எடுத்து, மரபணு வழிமுறைப்படி அதன் வரிகளை நீக்கி, நகலெடுத்து, இடம் மாற்றி, எல்லாச் சோதனைகளிலும் தேறும் வடிவம் கிடைக்கும்வரை தேடுவது அதன் வேலை. 2012-இல் 105 பிழைகளில் 55-ஐ, ஒவ்வொன்றும் சுமார் 8 டாலர் செலவில், சரிசெய்ததாக அறிவித்தார்கள். பெரிய செய்தி அது. துறையின் ஒரு கிளையே அதிலிருந்து முளைத்தது. 2015-இல் எம்ஐடியைச் சேர்ந்த குழு ஒன்று அந்த 55 பிழைகளுக்கான திருத்தங்களையும் படித்துப் பார்த்தது. உண்மையில் சரியாகத் திருத்தப்பட்டிருந்த பிழைகள் 2. மற்றத் திருத்தங்களில் பெரும்பாலானவை ஒரு வசதியையே நிரலிலிருந்து வெட்டி எறிவதற்குச் சமம். வெட்டி எறிந்தால் பிழையும் சேர்ந்து போய்விடும், சோதனையும் தேறிவிடும். சில திருத்தங்கள் புதிதாகப் பாதுகாப்பு ஓட்டைகளை உண்டாக்கியிருந்தன. திருத்தங்களைச் சோதிக்கும் ஏற்பாட்டிலேயே கோளாறு இருந்ததால், வெளியான திருத்தங்களில் பாதிக்கு மேல் கொடுத்த சோதனைகளுக்கே சரியான விடை தரவில்லை. அதோடு அந்தக் குழு 'காளி' என்று ஒரு கருவியையும் செய்தது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நிரலிலிருந்து வெட்டுவது. மரபணுத் தேடலுக்கு ஈடாக அதுவும் தேறியது.

இந்தக் கதையை முதல் குழுவை இழிவுபடுத்துவதற்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜென்புரோக் குழு தன் நிரலையும் 105 பிழைகளையும் வெளியான திருத்தங்களையும் பொதுவில் வைத்திருந்தது. வைத்திராவிட்டால் அந்த 55 என்ற எண்ணை இன்றும் நம்பிக்கொண்டிருப்போம். விமர்சனம் செய்வது எளிது, படைப்பதுதான் கடினம் என்ற ஆட்சேபம் எழும்போதெல்லாம் இதைத்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சோதனையில் தேறுவது வேறு, சரியாக இருப்பது வேறு என்ற பிரிவு 2015-க்குப் பின் பழுதுநீக்க ஆய்வின் மையத்துக்கு வந்தது. அதன் பிறகு வந்த பல கருவிகள் அதைத் தீர்க்கும் நோக்கத்துடன் கட்டப்பட்டன. சரிபார்ப்புக்கான படைப்பு என்றால், 2014-இல் ரெனே யுஸ்டும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட 'டிஃபெக்ட்ஸ்4ஜே' என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஜாவா திட்டங்களிலிருந்து 357 உண்மையான பிழைகள். ஒவ்வொன்றுக்கும் பிழையுள்ள வடிவம், திருத்திய வடிவம், பிழையை வெளிக்காட்டும் சோதனை. கற்றல் வழிமுறை எதுவும் அதில் இல்லை. ஆனால் அதைத் தொடாமல் அதன்பின் ஜாவா நிரல்களின் பழுதுநீக்கம் பற்றித் தீவிரமாக எழுதுவது அரிதாகிவிட்டது. இதைப் படைப்பு இல்லை என்று சொல்பவர் எதைப் படைப்பு என்பார்?

எளிய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுக்கமும் இதே வேலையின் பகுதிதான். 2016-இல் ஒரு குழு, நிரலாளர் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தொடர்புள்ள கேள்விகளைக் கண்டுபிடிக்க ஆழ்கற்றலைப் பயன்படுத்தியது. பயிற்சிக்கு 14 மணி நேரம் பிடித்தது. அடுத்த ஆண்டு வெய் ஃபூவும் மென்சீஸும் எஸ்விஎம் என்ற பழைய கற்றல் முறையை எடுத்து அதன் அமைப்பு எண்களை மட்டும் சரியாகத் திருகினார்கள். பத்தே நிமிடத்தில் அதற்கு இணையான, சில இடங்களில் மேலான முடிவு வந்தது. ஆழ்கற்றல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. பிற்காலம் அதன் வலிமையைத் தெளிவாகக் காட்டிவிட்டது. எளிய முறைக்கும் அதே அக்கறையைக் கொடுத்துப் பார்க்காமல் வெற்றியை அறிவிக்க முடியாது என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம்.

பெருமொழி மாதிரிகள் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று இளைய ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நிலைமை நேர்மாறாக இருக்கிறது. இந்த மாதிரிகள் நிரல் எழுத முடிவதற்கான அடிப்படைக் கருத்தை, அதாவது மனிதர் எழுதும் நிரலும் பேச்சுமொழியைப் போலத் திரும்பத் திரும்ப வருவது, எளிதில் ஊகிக்கக்கூடியது என்பதை, 2012-இல் காட்டியவர்களில் ஒருவர் பிரேம்குமார் தேவன்பு; சென்னை ஐஐடியில் படித்து, கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அந்தத் திரும்ப வரும் தன்மையே மதிப்பீட்டுக்கு எமனாகவும் ஆனது. 2017-இல் கிட்ஹப்பில் 45 லட்சம் திட்டங்களின் 42.8 கோடி கோப்புகளை ஆராய்ந்தபோது, தனித்தன்மையுள்ளவை 8.5 கோடி மட்டுமே, மற்றவை நகல்கள். குலுக்கல் முறையில் பயிற்சிப் பங்கு, சோதனைப் பங்கு என்று பிரித்தால் நகல்கள் இரண்டு பக்கமும் விழும். பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஆழ்கற்றல் மாதிரிகளை உண்மையான திட்டங்களின் தரவில் ஓட்டிப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், அவற்றின் செயல்திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. 2021-இல் நிரல் எழுதும் கோடெக்ஸ் மாதிரியைச் சோதிக்க 164 கணக்குகளைப் புதிதாகக் கையால் எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் கிட்ஹப்பில் இருந்ததில் பெரும்பகுதியை மாதிரி ஏற்கெனவே படித்திருந்தது. 2023-இல் பிரின்ஸ்டன் குழுவின் 'எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்' 12 பைதான் திட்டங்களிலிருந்து 2,294 உண்மையான புகார்களைத் திரட்டியபோது, முதலில் சோதித்த மாதிரிகளில் சிறந்தது 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பிறகு எண்கள் மளமளவென்று ஏறின. 2024-இல் ஓர் ஆய்வு ஒரு முன்னணிக் கருவியின் வெற்றிகளைத் திறந்து பார்த்தது. சுமார் மூன்றில் ஒரு பங்கில் விடை புகாரின் வாசகத்திலேயே இருந்தது. இன்னும் ஏறக்குறைய அதே அளவில் சோதனைகள் தவறான திருத்தத்தையும் தேற விட்டிருந்தன. ஜென்புரோக்குக்கு வந்த அதே நோய், அதே அறிகுறி. அதே ஆண்டில் ஓப்பன்ஏஐ என்ன செய்தது என்பதையும் பாருங்கள். உலகின் மிகப்பெரிய கணிப்பொறிக் கூடங்களில் சிலவற்றைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், 93 நிரலாளர்களை உட்காரவைத்து அந்தப் புகார்களைக் கண்ணால் படிக்கச் செய்து, நம்பத்தக்க 500-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிட்டது.

நடைமுறையில் கருவி பயன்படுகிறது, நிரலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், பேராசிரியர்கள் எதற்கு மயிர் பிளக்கிறீர்கள் என்பது தொழில்துறையிலிருந்து வரும் ஆட்சேபம். மகிழ்ச்சி அளவுகோலாகாது என்பதற்கு 2025-இல் 'மீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு செய்த சோதனை சான்று. தங்கள் திட்டங்களை நன்கு அறிந்த 16 அனுபவசாலிகள், 246 வேலைகள். எந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம் என்பது சீட்டுக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. நேரம் 24 விழுக்காடு குறையும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். முடித்தபின்னும் 20 விழுக்காடு குறைந்ததாகவே நம்பினார்கள். கடிகாரம் 19 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது. இதற்கு எதிராக, 2023-இல் 95 நிரலாளர்களை வைத்து, நிரல் எழுத உதவும் கோபைலட் கருவியைச் சோதித்த ஆய்வு 55.8 விழுக்காடு நேரம் குறைந்ததாகச் சொன்னது. இரண்டும் ஒழுங்காக நடந்த சோதனைகள். மீட்டர் சோதனையில் பெரிய, பழைய, தங்கள் கைக்குப் பழகிய திட்டங்கள்; கோபைலட் சோதனையில் ஒரு சிறிய சேவையகத்தைப் புதிதாக எழுதும் ஒற்றை வேலை. எந்த வேலையில், யாருக்கு, எவ்வளவு பயன் என்று பிரித்துச் சொல்வது விற்பவரின் கடமையாக இருக்க முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் பல்கலைக்கழகத்துக்குச் சம்பளம்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் ஆட்சேபம் வேறொன்று. பிறர் ஆய்வைத் திரும்பச் செய்துபார்த்தால் அதை யார் வெளியிடுவார்கள், யார் வேலை தருவார்கள் என்று ஆய்வு மாணவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நிறுவனத் தரவரிசைக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். பதவி உயர்வுப் படிவத்தில் ஸ்கோபஸ் இதழ் எத்தனை என்ற கட்டம் இருக்கிறது, எத்தனை தவறான முடிவுகளைத் திருத்தினீர்கள் என்ற கட்டம் இல்லை. ஆனால் காற்று மெல்லத் திரும்புகிறது. மென்பொருள் பொறியியல் மாநாடுகளில் 2011 முதலே கட்டுரையோடு நிரலையும் தரவையும் வாங்கிச் சரிபார்க்கும் குழுக்கள் வந்துவிட்டன. முடிவு தெரியும் முன்பே ஆய்வுத் திட்டத்தை ஏற்றுக்கொள்ளும் முறை 2020-இல் தொடங்கியது. இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கைவிட்டது. எண்ணிக்கைப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்துவிட்டது: 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அந்தக் கட்டுரைகளைக் காட்டிப் பெற்ற பதவிகளும் பட்டங்களும் இப்போது எதன் மேல் நிற்கின்றன?

வசதிக் கணக்கையும் பார்க்க வேண்டும். பெருமொழி மாதிரியை அடியிலிருந்து பயிற்றுவிக்கத் தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரியாலும் முடியாது. அந்தப் போட்டியில் இறங்குவதே வீண். ஏழாயிரம் புகார்களைப் படிப்பதற்குத் தேவை கண்ணும் பொறுமையும் நிரல் அறிவும் மட்டுமே. அவை நம்மிடம் இருக்கின்றன. ஆகவே ஆய்வில் சேரும் மாணவருக்கும் அவரது நெறியாளருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டில் புதிய முறை எதையும் முன்மொழியாதீர்கள். உங்கள் தலைப்பில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒரு கட்டுரையை எடுத்து, அதன் தரவை இறக்கி, திரும்ப வரும் வரிசைகளை எண்ணுங்கள். குறிகளில் ஒரு நூறையாவது கையால் சரிபாருங்கள். ஒன்றும் கற்காத முறைக்கும் எளிய முறைக்கும் என்ன மதிப்பெண் வருகிறது என்று எழுதி வையுங்கள். வந்ததை, அது எதுவாக இருந்தாலும், ஆய்வேட்டின் முதல் இயலாகச் சேர்த்துக் கொடுங்கள்.